ஏழாவது மாடிக் குழந்தை

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு எங்கள் கம்பெனியில் வைத்த பெயர் மில்லிமீட்டர். அவரும் நானும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனி, ஒரே ஸ்கூட்டர், இருவருக்கும் பொதுவாக ஒரு கருவிப்பை. "பேசாம அவர் உன்னையே கட்டியிருக்கலாம்" என்று அக்கா என்னிடம் அடிக்கடி சொல்வாள்.

பெயர்க்காரணம் இதுதான். லிஃப்ட் வந்து நின்றால் அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சக்கர நாற்காலி லேசாகக் குலுங்கும், அவ்வளவுதான். நாங்களெல்லாம் அதோடு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மாமா மட்டும் தரையில் குப்புறப் படுத்து, இரும்பு ஸ்கேலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நான்கு என்றால் மூன்றாக்குவார். மூன்றை இரண்டாக்கப் பார்ப்பார். அதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

மற்றபடி சாதாரண மனுஷர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஒரே மகள், சின்ன வயதில் சுவரேறிக் குதித்துக் கையை ஒடித்துக்கொண்டவள், இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஐம்பத்தோரு வயது வரைக்கும் அவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

எங்கள் பொறுப்பில் இருந்த கட்டடங்களில் ஒன்று ஆஸ்பத்திரி. எட்டு மாடி, இரண்டு லிஃப்ட். மூன்றாவது மாடியில் ரத்த வங்கி, ஏழாவதில் குழந்தைகள் வார்டு, எட்டாவதில் டாக்டர்களின் அறைகள். ஒருநாள் மூன்றாவது மாடிக் கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ரத்த வங்கி சிஸ்டர் எட்டிப் பார்த்து, "சும்மாதானே நிக்கறீங்க, ரத்தம் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். முழங்கை வரை கிரீஸோடு நிற்கிறவனைப் பார்த்து 'சும்மா' என்றால் எனக்கு வராதா கோபம்? வாயைத் திறப்பதற்குள் மாமா கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஊசி என்றாலே காத தூரம் ஓடுகிற நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

அன்றைக்கே அவருடைய ரத்தத்தை ஏதேதோ பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஓர் இளம் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நானும் கூடவே போனேன். எங்கே போனாலும் நானும் போவேன்.

"ரத்தம் உறையறதுக்கு பிளேட்லெட்னு ஒண்ணு வேணும். அது எங்க உண்டாகுது தெரியுமா? எலும்பு மஜ்ஜையில ஒரு பெரிய செல் இருக்கு. மத்த செல்லையெல்லாம் விட அவ்வளவு பெருசு. அது நல்லா வளர்ந்து முத்தினப்புறம் தன்னையே துணுக்குத் துணுக்கா உதிர்த்துடும். அந்தத் துணுக்குகதான் பிளேட்லெட். இங்க ஒரு குழந்தைக்கு அந்தப் பெரிய செல் வளரவே இல்ல. பிறவியிலேயே."

"ஏன் வளரல?" என்றார் மாமா.

"வளருன்னு உடம்பு சொல்லும். அந்தச் செய்தியை வாங்கிக்கிற இடம் அந்த செல்லுல பழுது. உடம்பு விடாம சொல்லிக்கிட்டேதான் இருக்கு. போய்ச் சேர மாட்டேங்குது. ரொம்ப அபூர்வமான நோய்."

மாமா அதைத் தன் பாஷையில் சொல்லிப் பார்த்தார். "கீழ பட்டனை அமுக்கிட்டே இருக்காங்க, மேல மோட்டாருக்கு வயர் வரல. அப்படித்தானே?" டாக்டரம்மா சிரித்துவிட்டு, அப்படித்தான் என்றார். மோட்டார் என்று வந்துவிட்டால் மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

மீதியையும் சொன்னார். அந்தக் குழந்தை விழக்கூடாது, மோதக்கூடாது. தலையில் சின்னதாக அடிபட்டாலும் உள்ளே ரத்தம் கசிந்தால் நிற்காது. பொருத்தமான மஜ்ஜை கிடைத்து மாற்றுகிற வரைக்கும் பிறத்தியார் பிளேட்லெட்டை ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டும். ஏற்றி ஏற்றி, இப்போது யார் கொடுத்தாலும் அந்த உடம்பு அடித்து விரட்டிவிடுகிறது. தேடியதில் மாமாவுடையது மட்டும் பொருந்துகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க முடியுமா?

"குடுக்கலாம். குழந்தை பையனா, பொண்ணா?"

"அதைச் சொல்லக்கூடாது. பேர், வயசு எதுவும் சொல்ல மாட்டோம். நீங்களும் தேடிப் போகக்கூடாது, அவங்ககிட்ட உங்களைக் காட்டிக்கக்கூடாது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

கொடுக்கிறவனைத் திருடன் மாதிரி ஒளியச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் எதிலும் அப்படித்தான்.

இப்படித் தொடங்கியது. ஒன்று விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம். கையில் ஊசி, பக்கத்தில் ஒரு இயந்திரம். ரத்தத்தை இழுத்து, சுற்றி, பிளேட்லெட்டை மட்டும் பிரித்து ஒரு பைக்குள் விட்டுவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அவருக்கே அனுப்பும். திரும்பி வருகிற ரத்தம் சில்லென்று இருக்குமாம், உதடு மரத்துப்போகுமாம். மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது; அதற்கு நான் இருந்தேன். பை நிரம்பியதும் பார்த்தால் சிவப்பே இல்லை, வைக்கோல் நிறம். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்" என்று முதல் நாள் நான் சொன்னேன். மாமா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வருஷம் அவர் ஒரு வலி மாத்திரை போட்டதில்லை. போட்டால் பிளேட்லெட் வேலை செய்யாதாம். தோள்பட்டை பிடித்துக்கொண்டால் அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். "எனக்குன்னு ஒரு தலைவலி வந்தப்ப கடைக்குப் போய் மாத்திரை வாங்கித் தராத மனுஷன், ஊர் பேர் தெரியாத குழந்தைக்காகப் பல்லைக் கடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்று என்னிடம் முறையிடுவாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவளே அவரை எழுப்பிச் சாப்பிட வைத்து அனுப்புவாள்.

ஆசை எப்போது பிடித்துக்கொண்டது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருநாள் ஸ்கூட்டரில் வரும்போது, "ஒரே ஒரு தடவை பார்த்தா போதும் மச்சான்" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. "தூரத்துல இருந்து பார்த்தா தப்பா?" தப்பில்லை என்றேன். கையெழுத்துப் போட்டது நானில்லையே.

அதன் பிறகு அவர் ஏழாவது மாடியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழந்தை இந்த லிஃப்டில்தான் ஏறும், இறங்கும் என்பது அவர் கணக்கு. மட்ட வித்தியாசத்தில் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? இரண்டு மில்லிமீட்டர் ஒன்றானது. கதவு பிள்ளையின் தோளில் இடித்தால்? கதவு மூடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். "கதவு மூடறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவாரு" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். சூப்பர்வைசரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக, அந்த மாடியில் கதவு திறக்கும்போது இருந்த ஒரு சின்ன உதறலில் கை வைத்தார். லிஃப்டின் கதவில் ஒரு தகடு இருக்கும். மாடிக் கதவின் பூட்டில் இரண்டு ரப்பர் உருளைகள். தகடு உருளையைத் தள்ளினால்தான் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். நடுவில் இடைவெளி அதிகமென்றால் திறக்கும்போது தட்டும். குறைவென்றால் லிஃப்ட் அந்த மாடியைத் தாண்டும்போது உரசும். உரசினால் பூட்டு அசையும். பூட்டு அசைந்தால் லிஃப்ட் போட்டது போட்டபடி நின்றுவிடும். பயிற்சிக்கு வந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதெல்லாம் தெரிந்தவர்தான், உதறல் போக வேண்டும் என்று இடைவெளியைக் குறைத்து வைத்தார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. "இப்படி வெச்சா லிஃப்ட் நடுவழியில நின்னுடும் மாமா" என்றேன். "நான் வாராவாரம் பார்த்துக்கிறேன்" என்றார்.

இதற்கிடையில் அவர் குழந்தையைக் கண்டுபிடித்தும்விட்டார். ரெட்டைச் சடை, மெலிந்த உடம்பு, ஐந்தாறு வயது. மாமா பையை நிரப்பிக் கொடுத்து எழுந்து வருகிற நேரத்துக்குச் சரியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவாள். ஏழில் இறங்குவாள். மூன்று செவ்வாய், நான்கு செவ்வாய் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். சந்தேகமே இல்லை. மாமா அவளோடு பேசவில்லை, பெயர் கேட்கவில்லை. அவள் ஏறும்போது கதவைக் கையால் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் அவள் அவரைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள். அன்றைக்கெல்லாம் மனுஷர் தரையில் நடக்கவில்லை. அக்காவிடம் வந்து, "இன்னைக்குக் கன்னத்துல ரத்த ஓட்டம் நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சிஸ்டரிடம், "இப்ப இந்தப் பை லிஃப்ட்ல மேல போகுமில்ல?" என்று கேட்டேன்.

"இப்பவா? இதை டெஸ்ட் பண்ணி முடிக்கவே ஒரு நாள் ஆகும். நாளைக்குத்தான் ஏத்துவாங்க" என்றார் சிஸ்டர்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரெட்டைச் சடையின் அம்மாவை நானே போய் விசாரித்தேன். ஏழாவது மாடிச் சமையலறையில் வேலை செய்கிறவர். செவ்வாய்க்கிழமை மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் கூட்டி வருகிறார். பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை. "கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றார் பெருமையாக.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கியதும் மாமா, "அப்ப என் குழந்தை யாரு மச்சான்?" என்றார். 'என் குழந்தை' என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அவர் யாரையும் தேடவில்லை. புதன்கிழமைகளில் ஏழாவது மாடியில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு நிற்பார். தொப்பி போட்ட குழந்தைகள், சக்கர நாற்காலிக் குழந்தைகள், தோளில் தூங்குகிற குழந்தைகள் என்று எத்தனையோ பேர் போவார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அவரைக் கூப்பிடுவது நின்றது. செவ்வாய்க்கிழமை காலையில் போனால், "இன்னைக்கு வேண்டாம். தேவைன்னா கூப்பிடறோம்" என்றார் சிஸ்டர். இரண்டு வாரம் கழித்தும் அதே பதில். மூன்றாவது தடவை என் பொறுமை போய்விட்டது.

"ஏன் தேவையில்லன்னு சொல்றதுக்கு என்ன சிஸ்டர்? மஜ்ஜை மாத்தியாச்சா? இல்ல, குழந்தை…"

"எனக்கே தெரியாது. எங்களுக்கு வர்றது ஒரு நம்பர் மட்டும்தான். அந்த நம்பர் இப்ப வர்றதில்ல."

"ரெண்டு வருஷம் ரத்தத்தைக் குடுத்த மனுஷன். உயிரோட இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கக்கூடாதா?"

சிஸ்டரின் கண்கள் கலங்கிவிட்டன. மாமா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஏன்டா கத்தறே" என்றார். கோபம் வந்தால்தான் அவருக்கு நான் 'டா'.

ஒரு வருஷம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. நல்லது நடந்திருந்தாலும் போன் வராது, கெட்டது நடந்திருந்தாலும் வராது. சாப்பிடும்போது போன் அடித்தால் எச்சில் கையோடு எழுந்து ஓடுவார். மகளாக இருக்கும், கடன் அட்டை விற்கிறவனாக இருக்கும். இளைத்துப் போனார். அக்கா அவரைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் ஏழாவது மாடியைத் தாண்டும்போது மெல்ல உரசத் தொடங்கியது. தேய்மானம். எனக்குச் சத்தம் கேட்டது, அவருக்கும் கேட்காமல் இருந்திருக்காது. "பழைய இடைவெளியே வெச்சிடலாம் மாமா" என்றேன். மாட்டேன் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். "யாருக்காக இன்னும்?"

கருவிப்பையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அதை மாத்திட்டா அந்தக் குழந்தை இனிமே இங்க வராதுன்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும் மச்சான். என்னால முடியல."

ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணி. நாங்கள் கீழே இருந்தோம். அலாரம் அடித்தது. எட்டிலிருந்து இறங்கிய லிஃப்ட் ஏழைத் தாண்டும்போது நின்றுவிட்டது. எதனால் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறி ஓடினோம். நான் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன். மாமா ஏழாவது மாடிக் கதவில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பயம் தெரியாது.

"யாரைப் பார்க்க வந்தீங்க சார்?"

"டாக்டரைத்தான்." உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல். "பையனைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தோம். அவன்தான் கூட இருக்கான்."

"அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றது இன்னொரு குரல்.

"அடக்கிக்கடா, இதோ திறந்துடுவாங்க."

மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆளை இறக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். பையனின் குரலைக் கேட்டால் அவ்வளவு நேரம் தாங்குகிற மாதிரி தெரியவில்லை. மாமா சாவியைப் போட்டுப் பூட்டைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"பையனுக்கு என்ன உடம்பு?"

"இப்ப ஒண்ணுமில்லங்க. பிறந்ததிலேருந்து பிளேட்லெட் ஊறாது அவனுக்கு. போன வருஷம் வேற ஊர்ல மஜ்ஜை மாத்தினோம். எங்கேயோ வெளிநாட்டுல ஒருத்தரோடது பொருந்திச்சு. அதுவரைக்கும் இங்கதான் ஓட்டினோம். யாரோ ஒருத்தர், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குடுப்பாரு. அவரோடது மட்டும்தான் இவனுக்கு நின்னுச்சு. யாருன்னு கேட்டோம், சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

சாவி திருகுவது நின்றது. மாமாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. பிறகு சாவி மறுபடியும் திரும்பியது, கதவு திறந்தது.

லிஃப்டின் தரை இரண்டரை அடி கீழே இருந்தது. ஒரு மனிதர், கட்டம் போட்ட சட்டை. அவர் பக்கத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு நெளிகிற ஒரு பையன், ஏழு வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை. மாமா மண்டியிட்டுக் கைகளை நீட்டினார். பையனின் இரண்டு அக்குளிலும் விரல்களை வைத்தார். வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டார். அப்படியே நின்றுவிட்டார், தூக்காமல்.

பையனின் அப்பா தவறாகப் புரிந்துகொண்டார். "பயப்படாதீங்க, இறுக்கியே பிடிங்க. முன்னாடியெல்லாம் பிடிச்ச இடம் நீலமாயிடும். இப்ப ஒண்ணும் ஆகாது."

மாமா இறுக்கிப் பிடித்தார். தூக்கினார். தூக்கியவர் உடனே கீழே விடவில்லை. பையன் அவர் முகத்துக்கு எதிரே காலை உதறினான். அவன் முழங்காலில் கறுப்பாக ஒரு பொருக்கு. மாமாவின் கண்ணுக்கு நேராக இருந்தது அது.

"இது என்ன கண்ணு?" என்றார்.

"சைக்கிள்ல விழுந்தேன். ரத்தம் வந்துச்சு, தானாவே நின்னுடுச்சு. விடுங்க அங்கிள், அவசரம்."

விட்டார். பையன் நடைபாதையில் ஓடினான். யாரும் 'ஓடாதே' என்று சொல்லவில்லை. அவன் அப்பா தாமே எகிறி ஏறி வந்து, எங்கள் இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு அவன் பின்னால் போனார். நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வருவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றோம். அந்தப் பக்கத்துப் படி வழியாகவே இறங்கிப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. "சொல்லியிருக்கலாமே" என்றேன். நான் ஸ்பானரை எடுத்து உருளையைத் தளர்த்தி, பழைய இடைவெளியை வைத்தேன். மாமா வேண்டாம் என்று சொல்லாமல் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல கனமா இருக்கான் மச்சான்" என்றார்.

"ஆமா மாமா."

திருகாணியை இறுக்கி முடித்தேன். கருவிகளைப் பையில் போட்டேன். அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்திருக்கலாம்."